கிளாருஸுக்குப் போன பிள்ளைக்கு



குரல்பதிவில் நீளமாகக் கதைத்தால் நீ வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்பாய் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

"சித்தி, கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்றாய். சூரிச்சில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு மணித்தியால ரயில்தான். ஆனால் சீகல்புரூக் தாண்டி லிந்த் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்துவிடும். ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 472 மீற்றரில். தலைக்கு மேலே நிற்கிற முன் கிளார்னிஷ் மலை 2,300 மீற்றருக்கு மேல். மார்கழியில் வெயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஓய்வு நாளில் மத்தியானத்துக்கு முன் வெளியே போய் நில். உடுப்புத் தோய்க்கிற உன் முறை சனிக்கிழமை காலையில் விழுந்திருந்தால், கட்டடம் பார்க்கிறவரிடம் நாளை மாற்றிக் கேள்.

மற்றக் கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. "இங்க ஒருத்தரும் கதைக்க மாட்டினம், ரெண்டு வருசம் வேலை செய்துபோட்டு ஓடி வந்திடுவன்" என்றாயே, அது. கிளாருஸ்காரர் ரயிலில் கதைக்க மாட்டார்கள், உண்மை. அவர்கள் கதைக்கிற இடம் வேறு. வருடத்தில் ஒரு நாள், மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, சவுன்பிளாட்ஸ் திடலில் கதைப்பார்கள்.

அந்த மக்கள் கூட்டத்தை லாண்ட்ஸ்கெமைண்டே என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். மாநில அளவில் அது இப்போது இரண்டே இடங்களில்தான் நடக்கிறது. ஒன்று அப்பென்செல் இன்னர்ரோடன், மற்றது நீ இருக்கிற ஊர். பலகையால் வட்டமாகப் படி கட்டி, நடுவில் ஒரு மேடை. மேடையில் மாநில அரசாங்கத் தலைவரான லாண்டமான் வாளை ஊன்றிக்கொண்டு நிற்பார். அந்த மேடையைச் சுற்றிக் கீழே ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சட்டம், வரி, செலவு எல்லாம் அன்றைக்கு அங்கேதான் தீரும். வாக்குரிமை உள்ள யாரும் மேடைக்கு வந்து "இதில் இந்த வரியை மாற்றுங்கள்" என்று கேட்கலாம். பிறகு எல்லோரும் அட்டையைத் தூக்குவார்கள். லாண்டமான் கண்ணால் அளந்து எந்தப் பக்கம் கூட என்று சொல்லுவார். எண்ணுவதில்லை. நான் அங்கே குடியிருந்த காலத்தில் முதல் தடவை வளையத்துக்குள் நின்றபோது, இதென்ன கண் மதிப்பு என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

2006 இல் நடந்ததைக் கேள். மாநிலத்தில் 25 ஊராட்சிகள் இருந்தன. அரசாங்கம் அவற்றைப் 10 ஆக்கலாம் என்று கொண்டுவந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குடிமகன் மேடை ஏறி, 10 எதற்கு, 3 போதும் என்றார். கூட்டம் அவர் பக்கம் கை தூக்கிவிட்டது. அரசாங்கத்துக்கே அதிர்ச்சி. அடுத்த வருடம் இன்னொரு கூட்டம் கூட்டி மறுபடி கேட்டார்கள், அப்போதும் அதே பதில். 2011 இல் மூன்றே ஊராட்சி ஆயிற்று. 2007 இல் வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைத்ததும் இந்தத் திடலில்தான், சுவிஸிலேயே முதலாவதாக. இதே திடல் பெண்களுக்கு மாநில வாக்குரிமை கொடுக்க 1971 வரை காத்திருந்தது என்பதையும் மறந்துவிடாதே. அதோடு, உன் வேலையிடத்துப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்று நீ எதற்குக் கை தூக்குகிறாய் என்று பார்க்கலாம். அது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. இருந்தும் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசிவிட்டு, மத்தியானம் ஒரே மேசையில் கால்பர்வூர்ஸ்ட் சொசேஜ் சாப்பிடுகிற சனத்தை நீ வேறெங்கே காணப்போகிறாய்?

நீ வேலைக்கு நடந்து போகிற தெருக்களைக் கவனித்தாயா? எல்லாம் நேராக, சதுரம் சதுரமாக வெட்டிப் போகும். பழைய சுவிஸ் ஊர்கள் அப்படி இருப்பதில்லை. 1861 மே 10 ஆம் திகதி இரவு, ஃபியோன் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது பிடித்த நெருப்பில் கிட்டத்தட்ட 600 கட்டடங்கள் போயின. ஊரில் பெரும்பங்கு விடியும்போது இல்லை. பேர்ன்ஹார்ட் சீமோன், யோஹான் காஸ்பர் வோல்ஃப் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களை வைத்து புதிதாகக் கோடு போட்டுக் கட்டினார்கள். நடுவில் நின்ற ஒரு சிறு குன்றையே வெட்டி மட்டமாக்கினார்கள். இரட்டைக் கோபுரத் தேவாலயமும் அப்போது எழும்பினதுதான். புரட்டஸ்தாந்தினரும் கத்தோலிக்கரும் 1964 வரை அதே கூரையின் கீழ்தான் மாறி மாறி வழிபட்டார்கள். ஃபியோன் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி வரும். தலையிடியும் கூடவே வரும். ஃபியோன் அடிக்கிற நாட்களில் ஊர்ச்சனத்துக்கு நெருப்பென்றால் இன்றைக்கும் பயம். பால்கனியில் கோழி சுட வெளிக்கிடாதே.

அந்த நெருப்பு முடிந்து மூன்றே வருடத்தில், 1864 இல், இதே திடல் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வளர்ந்தவர்களுக்கும் நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, இரவு வேலை இல்லை. சுவிஸ் முழுவதற்கும் அப்படி ஒரு சட்டம் வர 1877 ஆயிற்று. அப்போது பள்ளத்தாக்கு முழுக்கப் பருத்தித்துணி அச்சடிக்கிற ஆலைகள். ஒட்டோமான் நாட்டுக்கு முக்காட்டுத் துணி போனது. யாவாவின் பத்திக்கைப் பார்த்து அடித்த துணி கிழக்கே போனது. கடைகளில் சிவப்பிலும் நீலத்திலும் தொங்குகிற கிளார்னர் கைலேஞ்சியை எடுத்து விரித்துப் பார். அதிலிருப்பது நம் சேலைக் கரையில் வருகிற மாங்காய்தான். இந்தியாவிலிருந்து கைமாறி வந்த கோலத்தை இவர்கள் தங்கள் ஊர் அடையாளமாக்கிவிட்டார்கள். உன் அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடு, சந்தோஷப்படுவா.

எனெண்டாவுக்கு ஒரு நாள் நடந்து போ, ஆற்றுக்கு அப்பால்தான். அச்சடித்த நீளத் துணிகளைக் காயப்போடக் கட்டின உயரமான மரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதற்குள் 2017 முதல் அன்னா கோல்டி நூதனசாலை. அவள் சென்வால்டிலிருந்து வந்த வெளியூர் வேலைக்காரி. எசமானின் மகளின் பாலில் ஊசி போட்டாள், சூனியம் செய்தாள் என்று குற்றம் சுமத்திச் சித்திரவதை செய்து, 1782 ஜூன் 13 அன்று வாளால் தலையை வெட்டினார்கள். தீர்ப்பில் சூனியம் என்று எழுத வெட்கப்பட்டு, நஞ்சு வைத்தாள் என்று எழுதினார்கள். 2008 இல் மாநிலப் பாராளுமன்றம் அவள் குற்றமற்றவள் என்று அறிவித்தது. இடையில் 226 வருடம். எசமானின் சொல் சபை ஏறிற்று, அவளுடையது ஏறவில்லை. உன்னை ஒரு மூலையில் இருந்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு அவளும் ஒரு காரணம்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். காணுகிற எல்லோருக்கும் முதலில் நீ "குருவெட்சி" என்று வணக்கம் சொல்லு. அவர்கள் தொடங்கட்டும் என்று நில்லாதே. ஏதாவது ஒரு சங்கத்தில் சேர். பாட்டுக்குழுவோ முதலுதவிச் சங்கமோ எதுவானாலும் சரி. நீ தாதி என்று தெரிந்தால் முதலுதவிக்காரர் விடமாட்டார்கள். இந்த ஊர்ச் சீஸான சீகர் வாங்கிச் சாப்பிட்டுப் பார். பச்சை நிறத்தில் கூம்பாக, கல்லுப்போல இருக்கும். அதில் சேர்க்கிற மூலிகை நம் வெந்தயத்தின் இனம், மணத்திலேயே பிடித்துவிடுவாய். அதை எப்படிச் செய்யவேண்டும், முத்திரை குத்தவேண்டும் என்று 1463 லேயே சட்டம் போட்டவர்கள் இவர்கள். சுடச்சுட மக்கரோனியில் வெண்ணெயோடு துருவிப் போடு. சொதியில் மட்டும் போடாதே.

முக்கியமானது சுவிஸ் பாஸ், அதாவது குடியுரிமை. உன்னிடம் சி வதிவிட அனுமதி இருக்கிறது. நாட்டில் இருக்கவேண்டிய 10 வருடக் கணக்கில், 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் இருந்த காலத்தை இரட்டிப்பாக எண்ணுவார்கள், ஆக அது உனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மாநிலத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. மாநிலம் மாறினால் அது மறுபடி முதலிலிருந்து. இரண்டு வருடத்தில் ஓடிவிடுவேன் என்கிற கதையை விடச் சொல்வது இதற்காகவும்தான். எத்தனை வருடம் வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் நேரே போய்க் கேள். இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதே. விண்ணப்பித்தால் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். மேலே நான் எழுதினது அதற்கும் உதவும்.

வருகிற மே முதல் ஞாயிறு வேலை போடவேண்டாம் என்று இப்போதே சொல்லி வை. நான் பேர்னிலிருந்து காலையிலேயே வருகிறேன். நான் இப்போது வேறு மாநிலத்துக்காரி, உனக்கு இன்னும் பாஸ் இல்லை, ஆகவே இரண்டு பேரும் பலகைக்கு வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும். குடை கொண்டு வா, மழையென்று கூட்டம் கலையாது. அதற்குள், பாஸ் விண்ணப்பத்துக்காக உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை அம்மாவிடம் கேட்டு வாங்கி, ஒரு பிரதி எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
சித்தி