கேள்வி கேட்கும் கடமை

பிற நாடுகளுடன் ஒப்பந்தம் செய்வதா, போரில் இறங்குவதா என்பதை அரசாங்கமே முடிவு செய்கிறது. அம்முடிவின் விளைவுகளைச் சுமப்பவர்களோ மக்கள். எனவே, மக்கள் சார்பில் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிக் கேள்வி கேட்பது நாடாளுமன்ற உறுப்பினரின் கடமையாகும்.

இதற்குப் பிரிட்டனின் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த டாம் டியெல் நல்ல சான்று. 1982ஆம் ஆண்டு, தென் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜெண்டினாவும் போரிட்டன. மே 2ஆம் நாள், பிரிட்டனின் நீர்மூழ்கிக் கப்பல், 'ஜெனரல் பெல்கிரானோ' என்னும் அர்ஜெண்டினப் போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. 323 பேர் மாண்டனர். அக்கப்பல் பிரிட்டனின் கடற்படையை நெருங்கிக் கொண்டிருந்ததாக அரசாங்கம் நாடாளுமன்றத்தில் அறிவித்தது.

டியெல் அவ்விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை. தாக்கப்பட்டபோது கப்பல் எத்திசையில் சென்றது? தாக்குவதற்கு ஆணையிட்டவர் யார்? அந்த ஆணை எப்போது பிறந்தது? போர் முடிந்த பின்னரும் அவர் இக்கேள்விகளை விடாமல் எழுப்பினார். கப்பல் தீவுகளை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தது என்பதை அரசாங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆயினும், அக்கப்பலால் ஆபத்து இருந்தது என்னும் தனது நிலைப்பாட்டை அது மாற்றிக்கொள்ளவில்லை.

தாக்குதல் சரியா, தவறா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால், அதனை எடைபோடத் தேவையான உண்மை மக்களுக்குக் கிடைத்தது. அமைச்சர் அளிக்கும் பதிலைச் சான்றுகளோடு ஒப்பிட்டு, முரண்பாடு இருந்தால் மீண்டும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது நாட்டுக்கு எதிரான செயலன்று. நாட்டு மக்களுக்கு ஆற்றும் தொண்டாகும்.