புத்தகக் கடையும் பீரங்கிப் படையும்

அட்லாண்டிக் மாகடலின் மேல்கரையில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்ற நாடுகள் பதின்மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்றாகிய மாசசூசெட்ஸின் தலைநகர் பாஸ்டன். கப்பல் வாணிகத்தால் வளம் பெற்ற அத்துறைமுக நகரில், 1750ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் ஹென்றி நாக்ஸ் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். அவர் வாணிகத்தில் பொருளிழந்து, மனைவி மக்களைப் பாஸ்டனில் விட்டு மேலையிந்தியத் தீவுகளுக்குச் சென்றார், சென்றவர் மீண்டிலர். 1762இல் அங்கேயே அவர் இறந்த செய்தி வந்தது. அப்பொழுது நாக்ஸுக்கு வயது பன்னிரண்டு. இலத்தீன் பள்ளியில் பயின்றுவந்த சிறுவர் அப்படிப்பை விட்டு, அன்னையையும் தம்பியையும் காக்கும் பொருட்டுப் புத்தக வணிகர் கடையொன்றில் ஏவலராய் அமர்ந்தார்.

பள்ளியின் கதவு அடைபட்டது; ஆயினும் நூலகத்தின் கதவு திறந்தது என்றே கூறல் வேண்டும். பகலில் நூல்களை அடுக்கியும் கட்டடம் செய்தும் உழைத்த நாக்ஸ், ஓய்வு நேரத்தில் அந்நூல்களையே படித்தார். பிரெஞ்சு மொழியையும் தாமே முயன்று கற்றார். பழைய கிரேக்க, உரோமப் பெருவீரர்களின் வரலாறுகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பின்னர், அரண் அமைத்தல், பீரங்கி சுடுதல் ஆகிய கலைகளைப் பற்றிய நூல்களின்பால் அவர் கருத்துச் சென்றது.

1771இல், தமது இருபத்தொன்றாம் வயதில், ‘இலண்டன் புத்தகக் கடை’ என்னும் பெயரில் சொந்தக் கடையொன்றைத் தொடங்கினார். நகரத்துச் செல்வரும் மகளிரும் ஆங்கிலப் படை அலுவலரும் அங்கே வந்து கூடினர். படை அலுவலரிடம் நாக்ஸ் பீரங்கியைப் பற்றிப் பல கேள்விகள் கேட்பார். அவர்களும் தயங்காது விடை கூறுவர். அவ்விடைகள் ஒரு நாள் தம்மையே தாக்க வரும் என்று அவர்கள் எண்ணினாரல்லர். பின்னாளில் பெரும்படைத் தலைவராய் விளங்கிய நத்தானியல் கிரீனும் அக்கடைக்கு வந்துபோவது வழக்கம்.

பீரங்கி சுடுதல் என்பது திரியில் தீ வைப்பதோடு முடிவதன்று. குண்டின் எடை இவ்வளவாயின் மருந்து எவ்வளவு, குழாயை எத்துணைப் பாகை உயர்த்தினால் குண்டு எங்கே சென்று விழும், நனைந்த மருந்தை இனங்காணல் எவ்வாறு, குழாய் சூடேறியபின் எத்துணை நேரம் பொறுத்தல் வேண்டும் என்பனவெல்லாம் கணக்கும் பயிற்சியும் உடையார்க்கே விளங்கும். வாளேந்திய வீரன் ஒருவன் துணிவொன்றையே துணையாகக் கொண்டு போர்க்களம் புகலாம். பீரங்கியை இயக்குபவனோ கணக்கறியாதவனாயின் பகைவனுக்கு முன்னே தன்னையே அழித்துக்கொள்வான்.

வெடிமருந்தின் இயல்பை நாக்ஸ் தம் உடம்பிலேயே உணர நேர்ந்தது. 1773இல் வேட்டைக்குச் சென்றபொழுது துப்பாக்கி வெடித்துச் சிதறி, இடக்கையின் விரல்கள் இரண்டைப் பறித்தது. அதன்பின் அக்கையைப் பட்டுக் கைக்குட்டையால் மறைத்துக்கொள்வது அவர் வழக்கமாயிற்று.

மறு ஆண்டில் லூசி ஃப்ளக்கர் என்னும் நங்கையை மணந்தார். லூசியின் தந்தையார் அரசரால் அமர்த்தப்பெற்ற மாசசூசெட்ஸ் அரசுச் செயலாளர். ஆங்கில அரசின்பால் மாறாப் பற்றுடையவர். கடைக்காரர் ஒருவருக்கு, அதிலும் குடியேற்ற மக்களின் உரிமை பேசும் ஒருவருக்கு, மகளைத் தர அக்குடும்பம் விரும்பவில்லை. லூசி தம் விருப்பத்தில் உறுதியாய் நின்றார். 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனில் போர் மூண்டது. நாக்ஸும் லூசியும் இரவோடிரவாகப் பாஸ்டனை விட்டு வெளியேறினர். கணவரின் வாளை லூசி தம் மேலங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்து மறைத்துச் சென்றார் என்று வழிவழியாகக் கூறுவர். புத்தகக் கடை பின்னர்ச் சூறையாடப்பட்டது.

ஆங்கிலப் படை பாஸ்டன் நகரினுள் இருந்தது. குடியேற்ற மக்களின் படை நகரைச் சூழ்ந்து நின்றது. ஜூலைத் திங்களில் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து அப்படையின் தலைமையை ஏற்றார். ஆட்கள் இருந்தனர், பெரும்பீரங்கிகள் இல்லை. பீரங்கியின்றி நகரிலிருந்து பகைவரை அகற்றுதல் இயலாது. வடமேற்கே ஏறத்தாழ 300 மைல் தொலைவில், டைகாண்டரோகா என்னும் கோட்டை அவ்வாண்டு மே மாதத்தில் கைப்பற்றப்பட்டிருந்தது. அங்கே பீரங்கிகள் பல பயனின்றிக் கிடந்தன. அவற்றைக் கொணரும் பணியை வாஷிங்டன் நாக்ஸிடம் ஒப்படைத்தார். நாக்ஸுக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. பீரங்கிப் படைக்கு அவரைக் கர்னலாக அமர்த்தும் ஆணையும் நவம்பர்த் திங்களிலேயே பிறந்தது.

டிசம்பர் 5ஆம் நாள் நாக்ஸ் கோட்டையை அடைந்து, பயன்படத்தக்கவற்றைத் தேர்ந்து பட்டியல் எழுதினார். நீண்ட பீரங்கிகள் 43, வானோக்கிக் குண்டெறியும் குட்டைப் பீரங்கிகள் 14, ஹௌவிட்சர் என்னும் இடைப்பட்ட வகை 2, ஆக 59. அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 60 டன். ஜார்ஜ் ஏரியின் வழியே படகுகளில் ஏற்றிச் சென்றபொழுது, ஒரு படகு பாறையில் மோதி நீரில் அமிழ்ந்தது. நல்வினைப் பயனாக, கரையையடுத்த ஆழமில்லா இடத்தில் அஃது அமிழ்ந்தமையின் மீட்டெடுக்க முடிந்தது. ஏரி உறைந்துவிடுமுன் அதனைக் கடந்தாக வேண்டும். கடந்தபின்னரோ பனி பெய்து நிலம் உறைந்தால்தான் சறுக்கு வண்டிகள் செல்லும். நீர் உறையாதிருக்கவும் நிலம் உறையவும் ஒருங்கே வேண்டிநின்ற அந்த இளைஞரின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும்!

வலிய சறுக்கு வண்டிகள் 42 செய்வித்ததாகவும், எண்பது இணை எருதுகளுக்கு ஏற்பாடு செய்ததாகவும் டிசம்பர் 17ஆம் நாள் நாக்ஸ் வாஷிங்டனுக்கு எழுதினார். ஆனால் எருது தருவதாகச் சொன்னவரோடு கூலி பற்றிப் பேச்சு ஒத்துவராமையால் அவ்வேற்பாடு முறிந்தது. வழியின் பெரும்பகுதியில் பீரங்கிகளை இழுத்தவை குதிரைகளே. ஓவியர்களோ இன்றளவும் எருதுகளையே தீட்டிவருகின்றனர்.

ஆல்பனி நகருக்கருகே ஹட்சன் ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டு குளிர் போதாமையால் பனிக்கட்டி மெலிதாய் இருந்தது. ஆங்காங்கே துளையிட்டு, அடியிலுள்ள நீரை மேலே பரவச்செய்து, அஃது உறைந்து தடிப்பேறும்வரை காத்திருந்தனர். அவ்வாறு செய்தும் ஒரு பீரங்கி கட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் மூழ்கிற்று. ஆல்பனி நகரத்தார் திரண்டுவந்து அதனைக் கரையேற்றினர். அவர்கள் உதவியை நினைந்து அப்பீரங்கிக்கு ‘ஆல்பனி’ என்று நாக்ஸ் பெயரிட்டார். பின்னர்ப் பெர்க்ஷயர் மலைத்தொடர் எதிர்ப்பட்டது. ஏறுதலினும் இறங்குதலே இடர் மிக்கது. வண்டி தானே உருண்டோடி, இழுக்கும் விலங்குகளை நசுக்கிவிடாதபடி, கயிறுகளை மரங்களிற் சுற்றிப் பிடித்துச் சிறிது சிறிதாகத் தளர்த்தினர். தம் தந்தையோடு வண்டியோட்டிச் சென்ற சிறுவர் ஒருவர் முதுமையில் இப்பயணத்தைப் பற்றிச் சொல்லிய செய்திகள் நூலாக வந்துள்ளன. வழியிலிருந்த ஊரார் பலர் அதற்கு முன் பெரும்பீரங்கியைக் கண்டதே இல்லை. அருகில் வந்து தொட்டுப் பார்த்து வியந்தனர். 1776 ஜனவரித் திங்கள் இறுதியில் பீரங்கிகள் பாஸ்டனை அடுத்துள்ள இடங்களை அடைந்தன.

பீரங்கிகள் வந்துவிட்டன; சுடத் தெரிந்தவர் மிகச் சிலரே. மார்ச் மாதத் தொடக்கத்தில் நகரின்மீது குண்டெறியத் தொடங்கியபொழுது, பழக்கமின்மையால் குட்டைப் பீரங்கிகள் சில தாமே வெடித்துப் பிளந்தன. இந்நிகழ்ச்சியை நாக்ஸ் மறந்திலர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

குண்டெறிந்தது பகைவரின் கருத்தை வேறுபக்கம் திருப்புவதற்கே. மார்ச் 4ஆம் நாள் இரவில், நகரையும் துறைமுகத்தையும் நோக்கி நிற்கும் டார்செஸ்டர்க் குன்றுகளில் வீரர்கள் ஏறினர். நிலம் கல்போல் உறைந்திருந்தமையால் அகழி தோண்டுதல் அரிது. அதற்கு வழி கண்டவர் ரூஃபஸ் புட்னம் என்பவர். அவர் ஹீத் என்னும் தளபதியிடம் இரவலாகப் பெற்ற அரண் நூலொன்றில், மரச்சட்டங்களை நிறுத்தி இடையே சுள்ளிக்கட்டுகளை அடுக்கி அரண் செய்யும் முறை கூறப்பட்டிருந்தது. அம்முறையே மேற்கொள்ளப்பட்டது. பொழுது விடிந்தபொழுது குன்றின்மேல் அரண் நின்றது. அதன் வாயில்களில் டைகாண்டரோகாப் பீரங்கிகள் நின்றன. ஆங்கிலத் தளபதி ஹௌ குன்றைத் தாக்க எண்ணினார், புயல் தடுத்தது. மார்ச் 17ஆம் நாள் ஆங்கிலப் படை கப்பலேறிற்று. அரசர்பால் பற்றுக்கொண்ட குடிமக்களும் ஆயிரவர் அளவில் உடன் சென்றனர். அவ்வாறு பிரிந்த தம் பெற்றோரை லூசி மீண்டும் கண்டாரில்லை. கணவர் கொணர்ந்த பீரங்கிகளே தம்மைப் பெற்றோரை அந்நாட்டினின்றும் போக்கின என்பதை அவர் அறியாதவரல்லர்.

அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவில், பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைப் படையும் 18 பீரங்கிகளும் கடந்தன. காற்றின் ஓசையையும் மீறி ஒலித்தது நாக்ஸின் பெருங்குரல். மறுநாட் காலையில் கடும்பனிப் புயலில் துப்பாக்கிகள் நனைந்து பயனற்றன. காத்துவந்த பீரங்கிகளோ டிரென்டன் நகரத் தெருக்களின் தலைப்பில் நின்று முழங்கின. ஆங்கிலேயர்க்காகப் போரிட்ட ஜெர்மானிய வீரர் ஏறத்தாழ 900 பேர் சிறைப்பட்டனர். மறுநாளே நாக்ஸ் பிரிகேடியர் தளபதியாக உயர்த்தப்பட்டார்.

ஆயினும் நூலறிவு அவரை ஒருமுறை தவறான வழியிலும் செலுத்திற்று. 1777 அக்டோபர் 4ஆம் நாள் ஜெர்மன்டவுனில் நடந்த போரில், பின்வாங்கிய ஆங்கில வீரர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் தடித்த கற்சுவர்களையுடைய ஒரு மாளிகையினுள் புகுந்து கதவடைத்துக்கொண்டனர். அவர்களை அங்கேயே தடுத்துநிறுத்தச் சிறுபடையொன்றை விட்டு மேற்செல்லலாம் என்றனர் சிலர். பகைவர் இருக்கும் கோட்டையைப் பின்னே விட்டுச் செல்லலாகாது என்னும் போர்நூல் விதியை நாக்ஸ் எடுத்துக் கூறினார். வாஷிங்டனும் அதனை ஏற்றார். ஒரு வீடு கோட்டையாகாது என்பதையோ, தம்மிடமிருந்த சிறு பீரங்கிகள் அச்சுவரைத் துளைக்கமாட்டா என்பதையோ அவர்கள் எண்ணிலர். மாளிகையைத் தாக்கியவர் பலர் மாண்டனர். அரிய நேரமும் கழிந்தது. அப்போரில் தோல்வியே கிட்டிற்று. தோல்விக்கு மூடுபனி முதலிய பிற காரணங்களும் உண்டெனினும், அறிஞர் பலர் நாக்ஸின் அவ்வறிவுரையைக் குறை கூறுவர். அக்குறை பொருத்தமுடையதே.

பயிற்சியற்ற கைகளில் பீரங்கிகள் பிளந்ததைக் கண்டவர், படைக்கலைக்கெனக் கல்விக்கழகம் ஒன்று வேண்டுமென்று 1776 செப்டம்பரிலேயே காங்கிரசுக்கு எழுதியிருந்தார். 1778-79ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நியூ ஜெர்சியிலுள்ள பிளக்கெமின் என்னும் ஊரில் பீரங்கிப் படை தங்கியபொழுது, அவ்வெண்ணத்தைத் தாமே செயற்படுத்தினார். மரத்தாலான கூடமொன்று எழுந்தது. அங்கே அலுவலர்க்குப் பீரங்கிக் கலையும் அரண் அமைக்கும் முறையும் கற்பிக்கப்பட்டன. போர் நடுவே, உணவுக்கும் உடைக்கும் தட்டுப்பாடுள்ள படையில், பாடம் கேட்கக் கூடம் கட்டியவர் நாக்ஸ். வெஸ்ட் பாயின்டில் நிலையான படைக்கல்விக் கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டது 1802இல்தான். அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்னரே பிளக்கெமின் கூடம் விளக்கேற்றிவிட்டது.

அப்பயிற்சியின் விளைவு யார்க்டவுனில் வெளிப்பட்டது. 1781 அக்டோபரில், பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து நகரை முற்றுகையிட்டபொழுது, அமெரிக்கப் பீரங்கிகள் குறிதவறாது சுட்டமையைக் கண்டு பிரெஞ்சு அலுவலரும் வியந்தனர். அக்டோபர் 19ஆம் நாள் காரன்வாலிஸ் பிரபுவின் படை சரணடைந்தது. பின்னர் இந்தியாவிற்குக் கவர்னர் ஜெனரலாய் வந்து, திப்பு சுல்தானோடு போர் புரிந்த காரன்வாலிஸ் இவரே. முன்னர்ப் பாஸ்டனில் பீரங்கிகள் பிளந்தது 1776இல். யார்க்டவுன் வெற்றி 1781இல். இடைப்பட்ட ஆண்டுகள் ஐந்தே.

1783 டிசம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகர விடுதியொன்றில் வாஷிங்டன் தம் அலுவலரிடம் விடைபெற்றார். அருகில் வந்து தம்மோடு கைகுலுக்குமாறு அவர் வேண்டியபொழுது, முதலில் அணுகியவர் நாக்ஸ். நீட்டிய கையைப் பற்றியதோடு அமையாது வாஷிங்டன் அவரைத் தழுவிக்கொண்டார்; இருவர் கண்களிலும் நீர் பெருகிற்று.

1785 முதல் நாக்ஸ் நாட்டின் போர்த்துறைச் செயலாளராய் இருந்தார். 1789இல் புதிய அரசியலமைப்பின்கீழ் அமைந்த வாஷிங்டன் அமைச்சவையிலும் அப்பதவியையே வகித்தார். அந்நாட்டின் தொல்குடி மக்களே நிலத்திற்கு உரியர், அவர்தம் இசைவாலோ அறப்போராலோ அன்றி அதனைப் பறித்தல் கூடாது என்று அவ்வாண்டிலேயே அவர் வாஷிங்டனுக்கு எழுதினார். கருத்து உயர்ந்ததே. செயலோ அவ்வாறமையவில்லை, குடியேறுவோரின் நில வேட்கையை அவரால் தடுக்க இயலவில்லை, அவர் பொறுப்பிலிருந்த படையே தொல்குடியினரோடு பொருதது.

1794ஆம் ஆண்டின் இறுதியில் பதவி துறந்து, மேயின் பகுதியிலுள்ள தாமஸ்டன் என்னும் ஊரில் பெருமாளிகை கட்டி வாழ்ந்தார். மரம், சுண்ணாம்பு, செங்கல், கப்பல் எனத் தொட்ட வாணிகம் பலவும் கடனையே வளர்த்தன. பிறந்த குழந்தைகள் பதின்மூவருள் மூவரே வளர்ந்து ஆளாயினர். 1806 அக்டோபர்த் திங்களில், உணவு உண்ணும்பொழுது கோழி எலும்பொன்று உள்ளே சிக்கிப் புண்ணாயிற்று. அதனால் 25ஆம் நாள், தமது ஐம்பத்தாறாம் வயதில், நாக்ஸ் உயிர் நீத்தார். லூசி பின்னும் பதினெட்டு ஆண்டுகள் அம்மாளிகையிலேயே வாழ்ந்து 1824இல் மறைந்தார். மாளிகை 1871இல் இடிக்கப்பட்டது.