முயலின் முழங்காலும் நம் முழங்காலும்



நாங்கள் வார்டில் ஜெபிக்கப் போகும்போது, கோழிப்பண்ணையிலும் காட்டு வேலையிலும் உழைத்துத் தேய்ந்த தாய்மார் கேட்பதுண்டு: "ஐயா, ஜவ்வு வளர ஊசி வந்திருக்காமே? வட்டிக்கு வாங்கியாவது போட்டுக்கலாமா?"

ஜவ்வு என்று அவர்கள் சொல்வது எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பை. அதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் அடிபட்டால் சரியாக ஆறுவதில்லை. தேயத் தொடங்கும்போது வலிப்பதுமில்லை. அழிந்த குருத்தெலும்பு திரும்பச் சீராவதில்லை என்று வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதினார். வலி வந்து நோயாளி நம்மிடம் வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும்.

அந்த முதற்பாதியைக் காட்டியவை மிருகங்கள்தான். 1973-ல் பாண்ட், நூகி என்ற இருவர், நாயின் முழங்காலில் ஒரு தசைநாரை அறுத்துவிட்டு, பின்பு நடப்பதைக் கவனித்து எழுதினார்கள். இத்தகைய ஆய்வுகளில் தெரிந்தது இது: குருத்தெலும்பு முதலில் நீர் கோத்து மெதுவாகிறது, நீரைப் பிடித்துவைக்கும் சத்து குறைகிறது, மேற்பரப்பு நார்நாராகப் பிரிகிறது, ஓரத்தில் எலும்பு முளைக்கிறது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் தொடங்கிய ஊழியத்திலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. முயலின் மூட்டில் மருந்து செலுத்தித் தேய்மானத்தை உண்டாக்கி, குருத்தெலும்பிலிருந்து பிரித்து வளர்த்த செல்களை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். நம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் ஒன்று இதைச் செய்வதில் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் முயலின் குருத்தெலும்பு அரை மில்லிமீட்டர்கூட இராது. நமக்கோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். இளம் முயலுக்குச் சிறு காயம் ஓரளவு தானாகவே ஆறும். அறுபது வயதுத் தாய்க்கு அப்படி ஆறாது. முயலில் பலித்ததை மனிதனுக்கு வாக்குறுதியாக விற்பது தவறு.

முயல் சம்மதித்து வரவில்லை என்பதும் எங்கள் மனதை உறுத்துகிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. நீதிமொழிகள் 12:10 அதற்கு வெகு காலம் முந்தியது. வாசித்துப் பாருங்கள்.

அந்தத் தாய்மாரிடம், எடையைக் குறைக்கவும், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யவும், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் தடி பிடிக்கவும், கூடியமட்டும் குந்தாதிருக்கவும் சொல்கிறோம். மிகவும் தேய்ந்தவர்களுக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. ஊசிக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்புகிறோம்.