கலவை தெரிந்தால் பக்குவம் தெரியும்

1. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். பழைய பாத்திரக் கடைகளில் இரண்டும் ஒரே அடுக்கில் இருக்கும். பாத்திரத்தை உள்ளங்கையில் நிறுத்தி விளிம்பில் சுண்டிப் பாருங்கள். வெண்கலம் கணீரென்று ரீங்காரமிடும். பித்தளை சட்டென்று அடங்கிவிடும்.

2. பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். வெண்கலப் பானை கீறல் விட்டுவிடும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

3. ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்காதீர்கள். பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசக் கொடுங்கள். உட்புறத்துக்குக் கம்பி நார் ஆகாது.

4. ஈயச்சொம்பு 232 டிகிரியில் உருகும். காஸ் சுடரோ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு தப்பிக்கும். அதனால் முதலில் ரசம், பிறகுதான் அடுப்பு. தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம், அது நஞ்சு. வெள்ளைத் தாளில் தேய்த்துப் பென்சில் கோடுபோல் விழுந்தால் வாங்காதீர்கள். கோடு விழாததாலேயே சுத்த ஈயம் என்றும் நம்பிவிட வேண்டாம். தெரிந்த கடையே உத்தமம்.

5. காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த எவர்சில்வர் என்பார்கள். பாதிதான் உண்மை. இரும்போடு 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்த 304 ரகத்தில் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது! ரக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் அடியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும்.

6. எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்த பிறகு கல் உப்பைப் போட்டுக் கலக்கிவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கிப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

7. அலுமினியத்தில் புளிக்குழம்பு, தயிர் வேண்டாம். சோடா உப்பு போட்டுத் தேய்த்தாலும் கறுக்கும்.

8. தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிந்தினால் முதலில் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பட்ட இடத்தில் தங்கத்தோடு கலந்து வெளுத்துவிடும், துடைத்தால் போகாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு, விளக்குமாறு படாமல், கெட்டி அட்டையால் உருண்டைகளைத் தள்ளி, மூடியுள்ள பாட்டிலில் சேருங்கள்.