ஸ்விட்சை அணைத்தும் போகாத கரண்ட்: ஃபேஸ், நியூட்ரல் இடம் மாறினால்

மும்பை விக்ரோலி பார்க்சைட்டில் நாங்கள் குடியிருந்த சால் வீட்டில், ராத்திரி ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கும். மட்டமான பல்பு என்று வேறு வாங்கிப் போட்டோம், அதுவும் மினுங்கியது. மழைக்கு முன் மீட்டர் பெட்டியில் யாரோ வேலை பார்த்ததில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஃபேன் சுற்றியது, மிக்சி அரைத்தது. இந்தக் கோளாறின் விஷமமே அதுதான், எதுவும் நிற்காது.

எது ஃபேஸ், எது நியூட்ரல்?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அது இருப்பது ஃபேஸில். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மண்ணோடு இணைந்திருப்பதால், அதற்கும் தரைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சுவர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் சாதனங்களோடு வரும் ஒயரில் பழுப்புதான் ஃபேஸ், வெளிர்நீலம் நியூட்ரல். இந்த நீலத்தில் தடுமாறாத கற்றுக்குட்டி கிடையாது.

மாறினால் என்ன ஆகும்?

ஸ்விட்ச் வெட்ட வேண்டியது ஃபேஸை. இடம் மாறிவிட்டால் அது நியூட்ரலை வெட்டும். பல்பு அணையும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஸ்டூலில் ஏறி பல்பைக் கழற்றுகிறவர் இன்னொரு கையை மழையில் ஊறிய சுவரில் ஊன்றினால் போதும்.

அடுத்த ஆபத்து, கரண்ட் அளவு மீறினால் தானாக விழ வேண்டிய எம்சிபி. ஒற்றை எம்சிபி நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், ஃபேஸிலிருந்து எர்த்துக்குப் பாயும் கரண்ட் அதன் வழியே போகாது; அது விழவும் விழாது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 32-ஆவது விதி இதைத்தான் தடுத்தது: நியூட்ரலில் தனி ஸ்விட்சோ ஃப்யூஸோ கூடாது, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேர வெட்டும் ஸ்விட்ச் என்றால் சரி.

முதல் படி: டெஸ்டரைச் சோதியுங்கள்

லோஹார் சால் மின்சாமான் கடைகளில் மலிவாகவே டெஸ்டர் கிடைக்கும். கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லாவற்றையும் 'பத்திரம்' என்றே சொல்லும். காய்ந்த கை, காலில் செருப்பு, பின்முனை உலோகத்தில் மட்டும் விரல்.

இரண்டாம் படி: சாக்கெட்டைப் பாருங்கள்

நேரே நின்று பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஸ்விட்சைப் போட்டால் வலதில் மட்டும் டெஸ்டர் எரிய வேண்டும். அணைத்தால் எதிலும் எரியக் கூடாது.

இடது ஓட்டை ஸ்விட்ச் போட்டால் மட்டும் எரிகிறதா? சாக்கெட்டின் பின்னால் ஒயர் மாறியிருக்கிறது. அணைத்த பிறகும் எரிகிறதா? ஸ்விட்சே நியூட்ரலில் இருக்கிறது. மாற்றம் போர்டிலோ மீட்டரிலோ நடந்திருக்கும். இரண்டு ஓட்டையும் எரிந்தால், நியூட்ரல் எங்கோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல்பு ஹோல்டரில் மட்டும் டெஸ்டரை விடாதீர்கள். இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஷார்ட்.

மூன்றாம் படி: சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள்

மீட்டர் பெட்டியில் நாம் கை வைக்கக் கூடாது; அது மின்சாரக் கம்பெனி ஆளின் வேலை. உள் வயரிங்குக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன். அதுவரை, பல்பு மாற்றுவதென்றால் இரண்டு கம்பியையும் வெட்டும் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு மாற்றுங்கள். கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதே அதன் வேலை என்பதால், ஒயர் மாறியிருந்தாலும் கசிவு கண்டால் விழும்.

வேலை முடிந்ததும் எல்லா சாக்கெட்டையும் மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று சரியாக இருந்தன. சமையல் மேடைக்கு மேலே இருந்த நாலாவதில் இடது ஓட்டை எரிந்தது. வயர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மீட்டர் கோளாறு தெரியாமல், ஒரு மாதம் முன்பு அந்த சாக்கெட்டைத் திறந்து சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப்போட்டு 'சரி' செய்தவன் நான்தான்.