இரவற்கருவியும் இரண்டாம் சீலமும்



பஞ்சசீலத்துள் இரண்டாவதை நாம் நாடோறும் ஓதுகின்றோம். கொடாததைக் கொள்ளாதிருத்தல் என்பது அதன் பொருள். கன்னமிடுவோனையும் வழிப்பறி செய்வோனையும் மனத்திற்கொண்டு அதனை ஓதி முடிப்போரே நம்மில் மிகுதி. அடுத்த வீட்டாரின் கடப்பாரை நம் கதவுக்குப் பின்னால் மூன்று திங்களாகச் சாய்ந்து கிடப்பது அப்பொழுது நினைவிற்கு வருவதில்லை. வந்தாலும், "கேட்டு வாங்கியதுதானே?" என்று அமைதியுறுவோம். கேட்டு வாங்கியது எப்பொழுது கொடாததாக மாறுகின்றது? இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது இதுவே.

களவைப் பற்றிய விதி பிறந்த வரலாற்றை விநயபிடகம் கூறுகின்றது. அதில் வருபவர் கள்வர் அல்லர். குயவர் குலத்துப் பிறந்த தனியர் என்னும் பிக்கு. இராசகிருகத்தில் குடிசை அமைக்க அவருக்கு மரம் வேண்டியிருந்தது. நகரைப் பழுதுபார்க்கவென்று அரசன் சேமித்து வைத்திருந்த மரங்களின் காவலனிடம் சென்று, "இவை அரசன் எனக்குத் தந்தவை" என்றார். துறவியின் சொல்லைக் காவலன் நம்பினான். பின்னர் அமைச்சன் வஸ்ஸகாரன் மரம் குறைந்தது கண்டு வினவ, காவலன் கட்டுண்டான். தனியர் அரசன் முன் சென்று, "முடிசூடிய நாளில் புல்லும் மரமும் நீரும் துறவோர்க்கு உரியன என்று தாங்கள் மொழிந்தீரன்றோ?" என்றார். பிம்பிசாரன் அதனை மறுத்திலன். ஆனால் தான் சொன்னது காட்டில் உரிமையாளரின்றிக் கிடப்பவற்றை என்றான். துறவுக்கோலம் கருதியே அவரை விடுத்தான்.

என்றோ பொதுவாகச் சொன்ன ஒரு சொல்லை இன்றைய தேவைக்கு இழுத்துக்கொண்டார் தனியர். "எப்பொழுது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அண்ணே" என்று பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு பொங்கலன்று கூறியதைக் கொண்டு ஆண்டு முழுதும் அவன் ஏணியை நடத்துகின்ற நாமும் அவர் வழியினரே! ஊர்த்தெருவார் தம் பாண்டத்தையும் கயிற்றையும் நாம் தொடலாகாது என்றிருந்த காலத்தை நம் பெரியோர் கண்டவர்கள். கைப்பொருள் கொடுத்து வாங்கும் உறவு நமக்குள் இனிது நிலவுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனாலேயே அது கெடின் இழப்பும் பெரிது.

விநயம் இரவலை விலக்கவில்லை. திருப்பித் தரும் கருத்துடன் சிறிது காலத்திற்கு எடுத்தலும், நட்பின் உரிமையால் எடுத்தலும் களவாகா என்றே கூறுகின்றது. ஆனால் அந்நட்புரிமைக்கு மகாவக்கத்தின் சீவரக் கந்தகத்தில் பகவான் ஐந்து உறுப்புகள் வகுத்துள்ளார்: உடையவர் நமக்கு அறிமுகமானவராதல் வேண்டும், நெருங்கிய நண்பராதல் வேண்டும், எடுத்துக்கொள்ளுமாறு முன்பே சொல்லியிருத்தல் வேண்டும், உயிரோடிருத்தல் வேண்டும், நாம் எடுத்ததை அறிந்தால் அவர் மகிழ்வார் என்பது நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். முதல் மூன்றும் பெரும்பாலும் எளிதில் அமைவன. ஐந்தாவதுதான் கடினம். பொறுத்துக்கொள்வார் என்பது போதாது, மகிழ வேண்டும். கொத்தனார் ஒருவரின் கரணையும் தூக்குக்குண்டும் நம் வீட்டில் தங்கிவிட்டால் அன்று அவருக்குக் கூலி இல்லை. முகத்திற்காக அவர் வாய் திறவாதிருப்பார். அதனை மகிழ்ச்சி என்று நாம் கணக்கிடலாமா?

நான்காவது உறுப்பின் கருத்து எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அது விளங்கிய விதத்தைச் சொல்வதில் எனக்கு நாணம் உண்டு; ஆயினும் சொல்கின்றேன். தங்கவயலில் எங்கள் லயன் வீட்டிற்கு அடுத்து ஒரு தச்சர் இருந்தார். அவருடைய வாய்ச்சி ஒன்று என்னிடம் இரவலாக இருந்தது. திடீரென்று அவர் மறைந்தார். அடக்கத்திற்குச் சென்றேன், பதினைந்து நாள் அவ்வீட்டாரோடிருந்து ஆவன செய்தேன். வாய்ச்சியை மட்டும் திருப்பவில்லை. துயரத்திலிருப்பவரிடம் இரும்பைக் கொண்டுபோய் நீட்டுவதா என்பது முதற்காரணம். பிறகு, "அவர் இருந்தால் எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்" என்பது காரணமாயிற்று. இவ்வாறு ஓராண்டு சென்றது.

பொன் சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டபின் எங்கள் ஊரார் பலர் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வது வழக்கமாயிற்று. தச்சரின் மகனும் அவ்வாறு செல்லத் தொடங்கியிருந்தான். சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வைந்து உறுப்புகளையும் நானே படித்து விளக்கிக்கொண்டிருந்தேன். "உயிரோடிருத்தல் வேண்டும்" என்றவிடத்தில் என் நா தடுமாறிற்று. இறந்தவருடைய இசைவை நாமே புனைந்துகொள்ளலாம். மறுக்க அவர் இல்லை. அவர் பொருளோ அவர் கண் மூடிய அன்றே மற்றொருவருடையதாகிவிட்டது. அம்மற்றொருவர் எனக்கு எதையும் கொடுத்திலர்.

பொதுக்கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். சங்கத்திற்குரிய உலோகப் பாத்திரங்கள், வாய்ச்சி, கோடரி, மண்வெட்டி ஆகியவற்றை எவருக்கும் தானமாக விட்டுக்கொடுக்கலாகாது என்றும், சங்கமே கூடிக் கொடுத்தாலும் அது செல்லாதென்றும் சுல்லவக்கம் விதிக்கின்றது. பாலியில் அது வாசி. நம் தச்சர் நாவில் வாய்ச்சி. சங்கத்தின் கட்டிலையோ நாற்காலியையோ வெளியிலிட்டு, எடுத்து வைக்காமலும் பிறரிடம் சொல்லாமலும் போகும் பிக்குவுக்குப் பாசித்தியக் குற்றம் உண்டு. நம் சங்கங்களில் கலியாணத்திற்கும் சாவிற்கும் எடுத்துச் செல்லும் அண்டாவையும் ஏணியையும் மழையில் விடுவோர் இதனைக் கருதுக. எடுத்த நாளும் கொடுத்த நாளும் எழுத ஒரு குறிப்பேடு வைத்தால் செயலாளருக்கும் பொல்லாப்பில்லை.

அன்று மாலையே வாய்ச்சியைச் சாணை பிடித்து எடுத்துச் சென்றேன். அம்மையார் அதன் பிடியில் கணவர் செதுக்கியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். "பையன் போன மாதந்தான் புதிதாய் ஒன்று வாங்கினான்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அதன்பின் அவ்வீட்டில் இரவல் கேட்க எனக்கு நா எழவில்லை. சில திங்கள் கழித்து அப்பையனே வந்து, "பெரியப்பா, ஏணி வேண்டும், ஞாயிறு மாலை தந்துவிடுகிறேன்" என்று கேட்டான்.