அலுவலகத்தில் போகும் மெயில், வீட்டிலிருந்து ஏன் போவதில்லை?

கேள்வி: தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் செல்லும் தோணிகளுக்குச் சரக்கு ஏற்பாடு செய்யும் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். லேப்டாப்பில் தண்டர்பேர்ட் வழியாக மெயில் பார்க்கிறேன். அலுவலகத்தில் மெயில் வருகிறது, போகிறது. அதே லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனால் மெயில் வருகிறது. அனுப்பினால் மட்டும் போக மறுக்கிறது. கொழும்பில் உள்ள எங்கள் கூட்டாளி நிறுவனம் எனக்கென்று கொடுத்த முகவரியையும் இதிலேயே சேர்த்திருக்கிறேன். அதிலிருந்து அனுப்புபவை பலருக்கு ஸ்பாமில் போய் விழுகின்றன. பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றிவிட்டேன். தண்டர்பேர்டை அழித்து மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டேன். கோளாறு எங்கே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். ‘வருகிறது, ஆனால் போகவில்லை’ என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

மெயில் போகாவிட்டால் நம் கை முதலில் பாஸ்வேர்டைத்தான் தேடிப் போகும். ஆனால் பாஸ்வேர்ட் தவறென்றால் வீட்டில் மெயில் வந்தும் இருக்காது. மென்பொருள் கெட்டிருந்தால் அலுவலகத்திலும் மெயில் போயிருக்காது. லேப்டாப் அதேதான், மென்பொருளும் அதேதான். வீட்டுக்குப் போனதும் மாறியது நெட்வொர்க் ஒன்றுதான். அங்கிருந்தே தேடலைத் தொடங்குவோம்.

மெயிலைப் பெறுவதும் அனுப்புவதும் நமக்கு ஒரே வேலையாகத் தெரிகின்றன. உள்ளே அவை இரண்டு தனி வேலைகள். பெறுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஐமேப். கடிதங்களை சர்வரிலேயே வைத்துக்கொண்டு நமக்குக் காட்டும் முறை இது. இது பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுத்தான் கதவைத் திறக்கும். அதனால் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் வேலை செய்யும். அனுப்புவதற்குப் பயன்படுவது எஸ்எம்டிபி. கடிதத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் முறை இது. உங்கள் சிக்கல் இதில்தான்.

எஸ்எம்டிபியின் விதிகளை ஜான் போஸ்டல் 1982இல் வகுத்தார். அன்றைய இணையம் மிகச் சிறியது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ராணுவ அமைப்புகளும்தான் அதில் இருந்தன. அதனால் அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமே அந்த விதிகளில் இல்லை. யார் கொடுத்தாலும் வாங்கி, முகவரி பார்த்து அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். 1990களில் விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் இந்தத் திறந்த மனத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சர்வர்கள் கேள்வி கேட்கத் தொடங்கின.

முதலில் கேட்ட கேள்வி: ‘எங்கிருந்து வருகிறாய்?’ இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசி வழியே இணைந்த அந்தக் காலத்தில், சந்தாதாரர் சேவை நிறுவனத்தின் இணைப்பில் இருந்தாலே போதும், ‘நம் ஆள்’ என்று அஞ்சல் சர்வர் ஏற்றுக்கொள்ளும் முறை உலகெங்கும் பரவலாக இருந்தது. உங்கள் அலுவலக அமைப்பும் அந்தப் பழைய வகையாகவே தெரிகிறது. உள் நெட்வொர்க்கிலிருந்து வந்தால் நம்புகிறது. வெளியிலிருந்து வந்தால் தடுக்கிறது.

இரண்டாவது தடையும் உண்டு. ஒரு சர்வருக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு போர்ட் என்று பெயர். துறைமுக ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது: தோணி பழைய துறைமுகத்துக்குப் போகும், பெரிய கப்பல் புதிய துறைமுகத்துக்குப் போகும். சரக்குக்கேற்ற இடம். எஸ்எம்டிபியின் பழைய வாசல் 25. வீட்டு இணைப்புகளில் வைரஸ் புகுந்த கணினிகள் இதன் வழியே குப்பை மெயிலை அள்ளிக்கொட்டியதால், பல இணைய நிறுவனங்கள் வீடுகளிலிருந்து 25ஆம் வாசலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டன. இன்று அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். மனிதர்கள் கடிதம் கொடுப்பதற்கென்று 587 என்ற தனி வாசல் 1998இல் வகுக்கப்பட்டது. அங்கே கேட்கப்படும் கேள்வி: ‘நீ யார்?’

உங்களை மறிப்பது இவற்றில் எது என்று கண்டுபிடிக்க, வீட்டில் மெயில் போகாதபோது திரையில் வரும் செய்தியை மூடிவிடாமல் படியுங்கள்.

‘ரிலே அக்சஸ் டினைடு’ என்று வந்தால், சர்வர் வரை போய்விட்டீர்கள். உங்களை யாரென்று தெரியாமல் அது மறுக்கிறது. வெகுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், பெரும்பாலும் வாசலே வழியில் அடைபட்டிருக்கிறது. ‘535’ என்ற எண் வந்தால் மட்டும் பாஸ்வேர்டைச் சந்தேகியுங்கள். சர்வரையே காணோம் என்று வந்தால், அமைப்பில் சர்வர் பெயரைப் பாருங்கள். வெறுமனே ‘மெயில்’ என்று சுருக்கப் பெயரோ, 192.168 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால், அது அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. வெளியே வந்தால் அதற்குப் பொருளில்லை.

முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தண்டர்பேர்டின் அக்கவுன்ட் செட்டிங்ஸில் வெளியே அனுப்பும் சர்வரைத் திறந்து, நான்கு இடங்களைச் சரிபாருங்கள். சர்வர் பெயர், உங்கள் மெயில் சேவையாளர் கொடுத்த முழுப் பெயராக இருக்க வேண்டும். வீட்டு இணைய நிறுவனத்தின் பெயரோ உள் நெட்வொர்க் பெயரோ வேண்டாம். போர்ட் 587. பாதுகாப்பு ஸ்டார்ட்டிஎல்எஸ், சாதாரணமாகத் தொடங்கும் இணைப்பைப் பாதியில் பூட்டிட்ட இணைப்பாக மாற்றும் முறை இது. அடையாளச் சோதனைக்கு ‘நார்மல் பாஸ்வேர்ட்’ என்பதைத் தேர்ந்து, பயனர்பெயரில் முழு மெயில் முகவரியைக் கொடுங்கள். சிலர் 465ஐத் தருவார்கள். அது தொடக்கத்திலிருந்தே பூட்டிய இணைப்பு, அதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். சேவையாளர் சொல்வதைப் பின்பற்றுங்கள். இந்த அமைப்பு அலுவலகத்திலும் வேலை செய்யும்; இடத்துக்கு இடம் மாற்ற வேண்டியதில்லை. அலுவலக சர்வர் வெளியிலிருந்து 587இல் யாரையும் ஏற்காவிட்டால், அதை நிர்வகிப்பவரிடம் அந்த வசதியைக் கேட்க வேண்டியிருக்கும்.

இனி கொழும்பு முகவரி. நீங்கள் இரண்டு முகவரிகளையும் ஒரே வெளியே அனுப்பும் சர்வரில் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இணையத்தில் ஒவ்வொரு டொமைனும், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரும், ‘என் பெயரில் அனுப்ப இந்த சர்வர்களுக்கே அனுமதி’ என்று பொதுவில் ஒரு பட்டியல் வெளியிடலாம். அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். கொழும்பு டொமைனின் பெயரில் தூத்துக்குடி சர்வர் கடிதம் அனுப்பினால், பெறுகிற சர்வர் அந்தப் பட்டியலைப் பார்க்கும். உங்கள் சர்வர் அதில் இல்லாததால் போலிக் கடிதமோ என்று ஸ்பாமில் போடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் தன்னிடம் வரும் மெயில்களுக்கு இத்தகைய சான்றுகளை முன்பைவிடக் கண்டிப்பாக எதிர்பார்க்கிறது.

தீர்வு எளிது. கொழும்பு நிறுவனத்திடம் அவர்களின் அனுப்பும் சர்வர் விவரம் கேட்டு வாங்கி, தண்டர்பேர்டில் இரண்டாவது அனுப்பும் சர்வராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த முகவரியின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முகவரி என்றால் இரண்டு அனுப்பும் சர்வர்.

சரிசெய்தபின் வீடு போகும்வரை காத்திருக்க வேண்டாம். அலுவலக மேசையிலேயே வைஃபையைத் துண்டித்து, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, இரு முகவரியிலிருந்தும் உங்கள் ஜிமெயில் போன்ற வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். கைப்பேசி நெட்வொர்க்கில் போய்ச் சேர்ந்து, ஸ்பாமிலும் விழாமல் இருந்தால், இரண்டு சிக்கலும் தீர்ந்தன. தோணி கிளம்பும் முன்னிரவில் சரக்குப் பட்டியலை அனுப்ப நீங்கள் மறுபடி அலுவலகம் வரை ஓட வேண்டியிருக்காது.